குளத்து மீனுக்கு மலைப்பூண்டு

மலேசியாவிலிருந்து ஒரு தமிழன் பழனி மலைப் பக்கம் போகிறேன் என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மொட்டையா, காவடியா என்று மட்டும்தான் கேட்பார்கள். நான் புறப்படுகிற செய்தி ஈப்போவில் எங்கள் கடைத்தெருவைச் சுற்றி வருவதற்குள், பஞ்சாமிர்தம் வாங்கி வரச் சொல்லி மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்துவிட்டது. நான் போனதோ பூண்டுக்காக. அதுவும் மீனுக்குப் போட. இதைச் சொன்னதும் வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும் பேசாமல் எழுந்து போனார்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். ஈயம் தோண்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். மழைத்தண்ணீர் நிறைந்து அவை குளங்களாகிவிடும். அப்படி மூன்று குளங்களில் நானும் என் மனைவி இராசம்மாவும் புல்கெண்டையும் ஜாவாக் கெண்டையும் வளர்த்து வந்தோம். ஒரு நாள் ஒரு மீனின் விலாவில் கட்டைவிரல் நகமளவு சிவப்பாக ஒரு புண் இருந்தது. மறுவாரம் பத்து மீன்களில். மருந்துக் கடையில் மஞ்சள் பொடி ஒன்று கொடுத்தார்கள். ஆன்டிபயாட்டிக். தீனியில் கலந்து போட்டோம். மூன்று நாளில் புண் ஆறிவிட்டது. அந்தப் பொடி டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காத குறைதான்.

அடுத்த ஆண்டு அதே புண்ணுக்கு இரண்டு பங்கு பொடி தேவைப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு மீன்கள் பொடியையும் தின்றன, செத்தும் போயின. கிருமிக்கு இந்த மருந்து பழகிவிட்டது, இனி இது வேலைக்கு ஆகாது என்று மீன்வளத் துறைக்காரர் ஒருவர் கையை விரித்தார். முதல் குளம் அப்படிப் போயிற்று.

எங்கள் பக்கத்து வீட்டு அந்தோணி தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருடைய மச்சான் ஞானப்பிரகாசம் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் உயிரியல் வாத்தியார். பள்ளி விடுதித் தொட்டியில் கெண்டை வளர்க்கிறோம், இதே புண் இங்கேயும் வந்தது, பொடியே போடாமல் மலைப்பூண்டால் குணமாக்கினோம் என்று அவர் நுணுக்கி நுணுக்கி நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். தவிடு எவ்வளவு, கடலைப் புண்ணாக்கு எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. மலைப்பூண்டு கிடைக்காததால் கடைப்பூண்டு போட்டோம், மற்றபடி ஒரு வரி தவறாமல் அதன்படியே செய்தோம். இரண்டாவது குளமும் போயிற்று.

மிஞ்சியது மூன்றாவது குளம். அதில்தான் எங்கள் தாய்மீன்கள் இருந்தன. இராசம்மா விரல் நீளக் குஞ்சிலிருந்து வளர்த்தவை. அவையும் போனால் பள்ளத்தை மூடிவிட்டு இரண்டு பேரும் பழையபடி யாருடைய ரப்பர்த் தோட்டத்திலாவது பால்மரம் வெட்டப் போக வேண்டியதுதான். மூன்றாவது குளத்தில் முதல் புண்ணைப் பார்த்த அன்று நான் அந்த வாத்தியாரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இராசம்மாதான் தடுத்தாள்.

"நாலு பக்கம் மெனக்கெட்டு எழுதுனவரு பொய் எழுத மாட்டாரு. எதையோ நாம சரியாச் செய்யல. போய் உங்க கண்ணால பார்த்துட்டு வாங்க. குளத்தைப் பத்து நாளைக்கு நான் பார்த்துக்குறேன்."

பத்து நாளுக்கு மேல் குளம் தாங்காது என்பதை அவள் சொல்லவில்லை. எனக்கும் தெரிந்ததுதானே.

முதல் நாள் மலையேறிய பேருந்துக்கு என்னைவிட வயது அதிகம் இருக்கும். வத்தலக்குண்டு தாண்டிப் பாதி மலை ஏறியதும் முன்பக்கம் புகைந்தது. ஓட்டுநர் கொஞ்சமும் கலங்காமல் இறங்கி, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். பயணிகளும் இது தினப்படி நடப்பதுபோல இறங்கி ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குத் தலை சுற்றியது. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் கையில் வைத்தார். "மோந்துக்கிட்டே வாங்க, எறங்குற வரைக்கும் கீழ போட்றாதீக" என்றார். எங்கள் நாட்டில் கேமரன் மலைக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே சாலை இதைவிட நன்றாக இருக்கும். எலுமிச்சம்பழம் தர ஆள் இருந்ததில்லை.

மேலே வாழையும் காப்பியும் முடிந்து தைல மரங்கள் தொடங்கியபோது குளிர் சட்டைக்குள் நுழைந்தது. மெல்லிய பாத்திக் சட்டையோடு இறங்கிய என்னைப் பார்த்து நடத்துநர் வாய்விட்டுச் சிரித்தார். பேருந்து நிலையத்தில் குடையும் மெருகேற்றிய காலணியுமாக ஒருவர் நின்றிருந்தார். ஒரு கம்பளிச் சட்டையைக் கையில் தயாராக வைத்திருந்தார். அவர்தான் ஞானப்பிரகாசம்.

"மலேசியாக்காரங்க எல்லாரும் இப்படித்தான் வந்து இறங்குவீங்கன்னு மச்சான் லெட்டர் போட்டிருந்தார். மொதல்ல இதப் போடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

திட்டியதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

நாயுடுபுரத்தில் அவர் வீட்டில்தான் தங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பூண்டுக் குழம்பு. மலைப்பூண்டு சின்னப் பல்லாக இருக்கிறதே என்று, உரித்து மிச்சம் வைத்திருந்த பச்சைப் பல் இரண்டை அலட்சியமாக வாயில் போட்டேன். காதுவழியாகக் காரம் வெளியேறியது. எங்கள் ஊரில் சீனாவிலிருந்து வரும் வெள்ளைப் பூண்டு பார்க்கத்தான் பெரிசு. இதன் பக்கத்தில் அது வெறும் உருளைக்கிழங்கு.

இரண்டாம் நாள் விடுதிக்குப் போனோம். சமையலறைக்குப் பின்னால் கருங்கல் தொட்டி. மேலே ஓர் ஓடையிலிருந்து குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, மறுமுனையில் வழிந்துகொண்டே இருந்தது. உள்ளே கெண்டைகள் பித்தளைத் தவலைபோல மினுங்கின. நான் முழங்காலிட்டுக் கிட்டத்தில் பார்த்தேன். விலாவில் ஒரு கீறல் இல்லை. இரண்டு ஆண்டுகளாக நான் மீனில் புண்ணைத்தான் தேடினேன், மீனைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

பூண்டு வைத்தியம் வாத்தியார் கண்டுபிடித்ததில்லை, விடுதிச் சமையற்காரி சவரியம்மாளுடையது. நாற்பது வயதிருக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு இங்கே வந்தவர். முன்பு புண் வந்தபோது வாத்தியார் மதுரைக்கு எழுதிப் பொடி வரவழைத்தாராம். பொடி வந்து சேர்வதற்குள் சவரியம்மாள் பூண்டு போட்டு மீனைத் தேற்றிவிட்டார். பொடிப் பொட்டலம் இன்னும் பிரிக்காமலே ஆய்வகத்தில் கிடந்தது.

"தோட்டத்து லயத்து வீட்டுல எங்க கோழிக்கு நோவு வந்தா பூண்டுதானுங்க ஐயா தவிட்டுல போடுவோம்" என்றார் சவரியம்மாள். "கோழி தின்னுறத மீன் தின்னாதா? குடிங்க, தேத்தண்ணி ஆறிப்போகும்."

அன்றைய தீனி விடியற்காலையிலேயே முடிந்துவிட்டிருந்தது. பரவாயில்லை, நானே செய்து காட்டுகிறேன் என்று வாத்தியார் என்னை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். தராசு, படிக்கல், கண்ணாடிக் குவளை எல்லாம் வந்தன. தவிட்டையும் புண்ணாக்கையும் கூழாகக் காய்ச்சினார். பூண்டை நசுக்கினார். கொதிக்கிற கூழில் கொட்டிக் கிளறினார். உருண்டை பிடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடிதத்தில் இருந்ததுதான். நானும் இராசம்மாவும் செய்ததுதான். ஒரு கடுகளவு வித்தியாசம் இல்லை. கடல் தாண்டி வந்தது வீண் என்று பட்டது.

"அப்ப உங்க ஊர்ப் பூண்டுலதான் ப்ராப்ளம். வேற சான்ஸே இல்ல" என்றார் வாத்தியார். எனக்கும் அப்படியே தோன்றியது.

ஆகவே மூன்றாம் நாள் பூண்டு வாங்க பேத்துப்பாறைக்குப் போனோம். காய்கறி ஏற்றும் ஜீப் ஒன்றின் பின்னால் காலி மூட்டைகளின் மேல் எங்களுக்கு இடம். வழியில் ஒரு வளைவில் சேறு. ஜீப் தன் போக்கில் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றுவிட்டது. தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த கருப்பையா என்ற விவசாயி வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏலே, வண்டிய முறுக்காதலே! முறுக்கினா இன்னும் எறங்கும். கல்லு கெடக்குல்ல, அத வெரசா எடுத்துப் போடு!" என்று ஓட்டுநரை அதட்டினார். பிறகு எங்களைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டு, "நீங்க எறங்கி நில்லுங்க சார், வேட்டி அழுக்காயிரும்" என்றார். நான் கால்சட்டைதான் போட்டிருந்தேன்.

நாங்கள் தேடி வந்த பூண்டு அந்தக் கருப்பையாவிடமே இருந்தது. அவர் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. புகை பட்டுப் பட்டுத் தோல் பழுப்பேறியிருந்தது. இப்படி வைத்தால் ஒரு வருஷம் ஆனாலும் முளைக்காது, சொத்தை விழாது என்றார். கடல் தாண்டி மீனுக்குப் போகப் போகிறது என்று தெரிந்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கொத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, லேசானதையெல்லாம் தள்ளிவிட்டுக் கனமானதாகப் பொறுக்கித் தந்தார்.

"கெட்டதக் குடுத்து அங்கன மீனு செத்துப்போச்சுன்னா எங்க ஊருக்குல்ல கெட்ட பேரு."

அவர் மனைவி வேகவைத்த பீன்ஸும் சுடு சோறும் போட்டார். எங்கள் ஊரில் வியாபாரி சரக்கைக் கொடுத்ததோடு சரி. அது எந்த மீனுக்குப் போகிறது என்று கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான்காம் நாள் காலை விடுதிக்கு நான் தனியாகப் போனேன். பூண்டு கிடைத்துவிட்டது. இருந்தாலும் சவரியம்மாள் கையால் செய்வதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணால் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தானே இராசம்மா அனுப்பினாள். வெள்ளனே வந்தால்தான் பார்க்க முடியும் என்று சவரியம்மாள் இரண்டாம் நாளே சொல்லியிருந்தார். மூடுபனியில் எதிரே வருகிற மாடு மூக்கில் இடிக்கும்வரை தெரியவில்லை.

அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சவரியம்மாள் அதை இறக்கி ஒரு பக்கம் வைத்தார். அம்மியில் பூண்டை நசுக்கினார். ஒரு கிண்ணத்தில் வழித்துத் தட்டால் மூடினார். பிறகு முக்காடு போட்டுக்கொண்டு, ஆணியில் தொங்கிய செபமாலையை எடுத்து, சுவரோரம் முழங்காலிட்டார்.

காலைச் செபம்போல, முடித்துவிட்டு வரட்டும் என்று நான் வாசலில் நின்றேன். மணிகள் ஒவ்வொன்றாக விரலில் நகர்ந்தன. அவசரம் இல்லாத குரல். செபம் முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, கூழில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தட்டைத் திறந்தார். அந்தக் காரம் வாசல்வரை வந்து என் கண்ணில் நீரை வரவழைத்தது. ஆய்வகத்தில் அந்த வாடை வரவே இல்லை. வெதுவெதுப்பான கூழில் பூண்டைப் பிசைந்து, தண்ணீரில் கரைந்துபோகாமலிருக்கக் கையில் எண்ணெய் தொட்டு உருட்டினார்.

"செபம் மீனுக்காகவா?" என்று கேட்டேன்.

சவரியம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மீனுக்கு என்னத்துக்கு ஐயா செபம்? அது என்ன பாவம் செஞ்சிச்சு? நசுக்கின பூண்டு கொஞ்ச நேரம் சும்மா கெடக்கணும். அப்பத்தான் காரம் ஏறும். கூழும் ஆறணும். சூட்டுல போட்டா பூண்டு செத்துப்போகும், அப்புறம் அது வெறும் காய்கறிதான். எங்கிட்ட கடியாரம் இல்ல. செபமாலையில ரெண்டு பத்து, இருவது மணி உருட்டிச் சொன்னா சரியா இருக்கும்."

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தேன். பூண்டை நசுக்கவும். கூழில் சேர்க்கவும். இரண்டு வரிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

வாத்தியார் வந்ததும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தார். சவரியம்மாளைப் பார்த்தார். பிறகு அவர் முகம் வெளுத்துப்போனது.

"நான் இங்கதான் ஸ்டூல்ல ஒக்காந்து நோட்ஸ் எடுத்தேன்" என்றார் மெல்ல. "சவரியம்மா செபம் ஆரம்பிச்சாங்க. செபம் சொல்லும்போது எழுதிக்கிட்டு இருக்கிறது மரியாதை இல்லைல்ல? பேனாவ மூடி வச்சுட்டு நானும் கண்ண மூடிச் சேர்ந்து சொன்னேன். அவங்க முடிச்சு எந்திரிச்சதும் மறுபடி எழுதினேன்."

செபத்தோடு சேர்ந்து காரம் ஏறுகிற நேரமும், கூழ் ஆறுகிற நேரமும் அந்த மூடிய பேனாவுக்குள் போய்விட்டன. சோம்பேறியாக இருந்திருந்தால் திட்டலாம். பொய்யராக இருந்திருந்தால் சண்டை போடலாம். சாமியிடம் மரியாதையாக இருந்த மனிதரை என்ன செய்வது?

"இந்த லெட்டரப் பார்த்துத்தான் ரெண்டாவது குளத்துக்குப் போட்டீங்களா?"

"ஆமா சார்."

"அது?"

"போச்சு, சார்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார். சவரியம்மாள்தான் தேத்தண்ணி ஊற்றி இரண்டு பேர் கையிலும் கொடுத்தார். "மூணாவது இருக்குல்ல. அதப் பாருங்க" என்றார்.

ஐந்தாம் நாள் வாத்தியார் கைக்கடிகாரத்தோடு வந்தார். செபத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதித் தருவதாகத் திட்டம். ஆனால் முழங்காலில் இருக்கும் ஒருவரின் செபத்தை மணி பார்த்து அளப்பது அவருக்கு உடம்பைக் கூசச் செய்தது. கடிகாரத்தைக் கைக்குட்டையில் மறைத்து ஓரக்கண்ணால் பார்த்தார். சவரியம்மாளோ யாரோ மணி பார்க்கிறார்கள் என்றதும், பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளைபோல மடமடவென்று சொல்லி முடித்துவிட்டார். திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை ரொம்ப நிறுத்தி இழுத்துவிட்டார். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. கிட்டத்தட்டப் பத்து நிமிடம்.

"நான் முருகனைக் கும்பிடுறவன். நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன்.

"ஒங்க கையிலதான் கடியாரம் இருக்கே, அதப் பாத்துக்கிட்டு இருங்க ஐயா. சாமிய அப்புறமா நிதானமாக் கும்பிடுங்க" என்றார் சவரியம்மாள்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் நான் பயத்தோடு கேட்டுக்கொண்டேன். "தின்னுற மீனுக்குத்தான் இது மருந்து. வாயத் தொறக்காத மீனுக்கு ஒண்ணும் செய்ய ஏலாது. புண்ணு பெரிசானத எடுத்து உப்புத் தண்ணியில தனியா வுட்டுருங்க. இங்க தண்ணி ஓடுது. உங்க ஊருல நிக்கிற தண்ணின்னா, பாதியையாவது எறைச்சு மாத்துங்க. தண்ணி கெட்டுக் கெடந்தா பூண்டு என்னா செய்யும்?"

அன்று மாலையே ஈப்போவிலிருந்து அந்தோணி அனுப்பிய தந்தி வந்தது. மீன்கள் தீனி எடுப்பது குறைந்துவிட்டது, உடனே வா என்பது சுருக்கம். குளம் பத்து நாள் தாங்கவில்லை.

ஆறாம் நாள் விடியலில் மூட்டையோடு பேருந்து நிலையத்துக்குப் போனால், மலைச்சாலையில் மண் சரிந்து கிடக்கிறது, நாளைக்கோ மறுநாளோ என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. வாத்தியார் மூட்டையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார்.

"வெள்ளகவி வழியா நடந்து இறங்கிடலாம். பெரியகுளத்துக்குச் சாயங்காலம் போயிடலாம். வாங்க."

"நீங்க எதுக்கு சார்? வழி சொல்லுங்க, நான் போய்க்கிறேன்."

"வழியும் நான் எழுதிக் குடுத்தா எதையாவது விட்டுருவேன்" என்றார். சிரிக்கவில்லை.

அந்தப் பாதையை மறக்க முடியாது. சோலைக்காட்டுக்குள் ஈர வேர்களைப் படியாக மிதித்து இறங்கினோம். மூட்டையை மாற்றி மாற்றிச் சுமந்தோம். வாத்தியாரின் மெருகேற்றிய காலணி முதல் ஒரு மணி நேரத்திலேயே மெருகு என்பதை மறந்துவிட்டது. எதிரே தலைச்சுமையோடு ஏறி வந்த பெண்கள் மூச்சு வாங்காமல் எங்களை விசாரித்தார்கள். "பூண்ட மலையில இருந்து கீழ சொமந்துக்கிட்டு ஓடுறீகளே, அப்பிடி என்ன சோலி?" என்றார் ஒருவர். மீனுக்கு வைத்தியம் என்றேன். காடே கேட்கும்படி சிரித்துவிட்டு, கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பி நின்று, "பொழைச்சுக்கிரும், கவலப்படாதீக!" என்று கத்தினார்.

வெள்ளகவி ஊர் எல்லையில் வாத்தியார் நின்று காலணியைக் கழற்றினார். ஊர் முழுக்கக் கோயில்கள், அங்கே யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. யாரையும் கேட்டு அவர் கழற்றவில்லை, யாரும் சொல்லியும் கழற்றவில்லை. நாள் முழுக்க மேரி மாதாவைக் கும்பிடுகிற மனிதர், கொப்புளம் வெடித்த பாதத்தோடு அந்தக் கல் பாதையில் வெறுங்காலில் நடந்தார். நானும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் கருப்பட்டிக் காப்பி தந்தார்கள். அதற்கு இணையாக எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் எதுவும் நான் குடித்ததில்லை.

பெரியகுளத்தில் மதுரைப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. வாத்தியார் புதிதாக எழுதிய கடிதத்தை என் கையில் கொடுத்தார். ஆறு பக்கம். "படிக்கட்டுல நிக்காதீங்க, மூட்டை பத்திரம்" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேருந்து கிளம்பிவிட்டது.

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மூட்டையைத் திறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எத்தனை பேருக்குச் சமைக்கப் போகிறாய்?" என்று மலாயில் கேட்டார். ஒரு குளம் நிறைய இருக்கிறார்கள், எல்லோருக்கும் உடம்பு சரியில்லை என்றேன். நான் விளையாடுவதாக நினைத்தாரோ, வாடை தாங்கவில்லையோ, கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று நான் முகம்கூடக் கழுவவில்லை. பம்பு வைத்துப் பாதித் தண்ணீரை இறைத்து, பக்கத்து ஓடைத் தண்ணீரைப் பாய்ச்சினோம். பெரிய புண் உள்ளவற்றை உப்புத் தொட்டிக்கு மாற்றினோம். மறுநாள் காலை கூழை இறக்கி வைத்தேன். பூண்டை நசுக்கி மூடினேன். இராசம்மா அடுக்களையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்தப் பத்து நிமிடமும் நான் மனசுக்குள் முருகனையும் கூப்பிட்டேன், சவரியம்மாளின் மாதாவையும் கூப்பிட்டேன். யார் கோபித்துக்கொண்டாலும் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

முதல் நாள் உருண்டைகள் போட்டபடி மிதந்தன. இரண்டாம் நாள் ஒன்றிரண்டு வாய்கள் மேலே வந்தன. சாவு நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடியும்போது இராசம்மா கைவலையும் தகர வாளியுமாகப் போய்ச் செத்ததை அள்ளிக் கொண்டுவந்து புதைப்பாள். வாளியில் மீன் விழும் சத்தம் படுக்கைக்குக் கேட்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணாமல் இருக்கப் பார்ப்பேன். நாளாக நாளாக அந்தச் சத்தம் குறைந்தது. பூண்டு மட்டும்தான் காப்பாற்றியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தண்ணீர் மாற்றியதும் உண்டு, உப்பும் உண்டு. ஆனால் மஞ்சள் பொடி ஒரு சிட்டிகைகூட நாங்கள் போடவில்லை.

ஒன்பதாம் நாள் காலை சத்தமே இல்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, இவளுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து ஓடினேன். இராசம்மா கரையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். ஒரு சுற்று முடித்து மறு சுற்றும் நடந்தாள். கோரைப் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தாள். பிறகு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் வீட்டுக்குத் திரும்பி வந்து, கொடைக்கானலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பயணம், சுங்கக்காரர், தண்ணீர் மாற்றியது என்று எழுத எவ்வளவோ இருந்தது. அவர் அதையெல்லாம் படிக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று பட்டது. நலம் நலமறிய ஆவல்கூட எழுதாமல், தாளின் தலைப்பிலேயே முதல் வரியாக எழுதினேன்: "சார், இன்றைக்கு எங்கள் குளத்தில் ஒரு மீன்கூடச் சாகவில்லை."